அம்மாவன் குடை

பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் இடைப்பட்ட ஊர்களில் ஒரு பெண்ணுக்குக் கல்யாணம் நிச்சயமானால் முதலில் ஆடிட்டோரியத்தைப் பிடிப்பார்கள், அடுத்ததாகக் குமாரியைப் பிடிப்பார்கள். குமாரிக்கு நாள் ஒழியவில்லை என்பதற்காக முகூர்த்தத்தையே தள்ளிவைத்த வீடு கொல்லயில் என்ற ஊரில் உண்டு. பெண்ணை ஒருக்குவதுதான் அவளுடைய தொழில். தலைகட்டி, பூ வைத்து, சேலை உடுத்தி, நகை பூட்டி, அழுகிற பெண்ணை அதட்டி, மை கலையாமல் மணவறைக்கு அனுப்ப வேண்டும். முப்பது வருடத்துக்கு மேல் இதைச் செய்கிறாள். முன்பு அவள் ஒருக்கிய பெண்களின் பெண்களையும் இப்போது ஒருக்கிக்கொண்டிருக்கிறாள்.

அலங்காரத்தோடு அவள் வேலை முடிந்துவிடாது. எந்தக் காலை முதலில் வைப்பது, யார் காலைத் தொட்டுக் கும்பிடுவது, விளக்கை எந்தப் பக்கமாகச் சுற்றுவது என்பதெல்லாம் அவள் வாயிலிருந்துதான் வர வேண்டும். வீட்டுப் பெரியவர்களுக்கு இதெல்லாம் எங்கே நினைவிருக்கிறது? அவர்கள் பாயசம் பத்தாமல் போய்விடுமோ என்ற கவலையில் பந்தியைச் சுற்றிக்கொண்டிருப்பார்கள். கடைசியில், ஆடிட்டோரிய வாசலில் காரின் கதவு திறக்கும்போது, குமாரி தொண்டையைச் செருமிக்கொண்டு உரக்கக் கூப்பிடுவாள்.

"பெண்ணுக்க அம்மாவன் எங்க? குடையப் பிடியுங்க!"

பெண்ணின் தாய்மாமன் ஜரிகை வைத்த பட்டுக்குடையை விரித்து அவள் தலைக்கு மேலே பிடித்து மணவறை வரைக்கும் கூட்டிவருவார். சுள்ளென்று வெயில் அடித்தாலும் பிடிப்பார்கள், ஏசி ஓடுகிற மண்டபத்துக்குள்ளேயும் பிடிப்பார்கள். மழைக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. இந்தப் பெண்ணுக்குப் பின்னால் ஆள் இருக்கிறது, நாளைக்கு ஒன்றென்றால் கேட்க வருவான் என்று மாப்பிள்ளை வீட்டாருக்குச் சொல்கிற சேதி அது. குடையில்லாமல் இறங்கினால் நாதியில்லாத பெண் என்று அர்த்தம்.

இந்தக் குடைதான் கடைசியில் குமாரியின் மகள் கல்யாணத்திலேயே வந்து குறுக்கே நின்றது.

மகள் சுமிக்கு நெய்யாற்றின்கரையில் ஒரு லேபில் வேலை. மாப்பிள்ளை மனு அந்த ஊர்க்காரன். இரண்டு பேருக்கும் பிடித்துப்போய்த்தான் பேச்சு தொடங்கியது. மனுவின் அம்மா ஓமனா பெண்பார்க்க வந்த அன்றைக்கு நகையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. டம்ளரைக் கீழே வைத்துவிட்டு ஒன்றே ஒன்று சொன்னாள்.

"எங்களுக்கு வேற ஒண்ணும் வேண்டாம் குமாரி. உங்க அண்ணன் வந்து குடை பிடிக்கணும். அது மட்டும் மதி."

 குமாரியின் அண்ணன் சுயம்பு அவளோடு பேச்சை நிறுத்தி ஆறு வருடம் ஆகிறது. அம்மா சாகும்போது வீட்டைக் குமாரி பெயருக்கு எழுதிவைத்துவிட்டுப் போனாள். வீடு பெண்வழிக்குப் போவது இந்தப் பக்கத்தில் பல குடும்பங்களுக்குப் புதிதல்ல. சொத்து சகோதரியின் பிள்ளைகளான மருமக்களுக்குப் போய்க்கொண்டிருந்த ஊர் இது. அந்த முறையெல்லாம் சட்டத்தோடு போய்விட்டது, மிச்சம் மீதி மட்டும் மனத்தில் கிடக்கிறது. சுயம்புவின் மனத்தில் அதுவும் கிடக்கவில்லை. வெற்றிலை பாக்கோடு அழைக்கப் போன குமாரியை வாசலிலேயே நிறுத்திப் பேசினான்.

"வீட்டுல பாதிய எனக்கு எழுதித் தா. குடைய நான் பிடிக்கேன்."

நாலு அறை வீடு. பாதி போனால் முன்னறை போகும். பெண்கள் வந்து உட்காரும் கண்ணாடியும் நாற்காலியும் அந்த அறையில்தான் இருக்கின்றன, குமாரியின் சோறும் அங்கேதான் இருக்கிறது. கணவன் இறந்துபோன பிறகு அந்த ஒரு அறையை வைத்துத்தான் அவள் சுமியைப் படிக்கவைத்தாள். எழுதித் தராவிட்டால் கல்யாணம் போகும். பெரியம்மை மகன் ஒருவன் இருக்கிறான், அவனைப் பிடிக்கச் சொல்லலாமா என்று ஓமனாவிடம் போனில் கேட்டுப் பார்த்தாள்.

"கூடப் பொறந்த ஆளு உயிரோட இருக்கும்போ வேற ஒருத்தரு பிடிச்சா, நாங்க என்ன நினைக்கணும்? நீங்களே சொல்லுங்க, உங்களுக்குத் தெரியாத சாஸ்திரமா?"

குமாரி போனை வைத்தாள். இதே வார்த்தையைத்தான் அவள் எத்தனையோ வீடுகளில் சொல்லியிருக்கிறாள்.

அந்தச் சமயத்தில்தான் அனகா வந்தாள். குமாரியின் நாத்தனார் மகள், திருவனந்தபுரத்தில் ஆராய்ச்சி செய்கிறவள். மனிதக்கூட்டங்கள் எப்படி மாறுகின்றன என்று பார்க்கிற படிப்பு. இரண்டு வருடமாக தமிழ்நாட்டு எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வீடு வீடாக ஏறி, உங்கள் வீட்டில் முதன்முதலாகக் குடை பிடித்தது எந்தக் கல்யாணத்தில், யார் சொல்லிப் பிடித்தீர்கள் என்று கேட்டுக்கொண்டு திரிந்தாள். கேட்க வேறு விஷயமே கிடைக்கவில்லையா என்று குமாரிகூடக் கிண்டலடித்ததுண்டு. அனகா முன்னறையில் உட்கார்ந்து லேப்டாப்பைத் திறந்தாள். திரையில் ஒரு மரம் கிளை விரித்திருந்தது. ஒவ்வொரு கிளை நுனியிலும் ஒரு ஊரின் பெயர் இருந்தது.

"இது என்ன மக்கா, ஆருக்க குடும்ப மரம்?"

"குடைக்க குடும்ப மரம் மாமி. உயிருள்ளதெல்லாம் ஒண்ணுல இருந்து ஒண்ணு எப்படிப் பிரிஞ்சு வந்துதுண்ணு வரையுவாங்கல்லா? வழக்கத்தையும் அப்படி வரைஞ்சு பாக்கலாம். ஒருத்தரப் பாத்து அடுத்தவங்க செய்வாங்க. செய்யும்போ கொஞ்சம் மாறிப்போகும். மாறினதுல சிலது நிக்கும், சிலது செத்துப்போகும். இந்தா பாருங்க, இந்தக் கிளை கிறிஸ்தவங்க பள்ளிக்குப் போனது. சர்ச் கல்யாணத்துல வெள்ளைக்குடை, லேஸ் வச்சது. அதுக்கு அவங்க வேதத்துல இருந்து விளக்கம் சொல்லுதாங்க. இந்தக் கிளை களியக்காவிளை தாண்டிப் போச்சு. அங்க ரெண்டு குடை."

"செரி, வேரு எங்க?"

அனகா மாமியின் முகத்தைப் பார்த்தாள்.

"எல்லாக் கிளையும் பெண்ணு ஒருக்க வந்தவங்க வழியாத்தான் போயிருக்கு. ஒண்ணு நீங்க, இல்லேண்ணா உங்ககிட்ட வேலை படிச்சவங்க. உங்க கல்யாணத்துக்கு முந்தி ஒரு வீட்டுலகூடக் குடை இல்ல மாமி. வேரு இந்த வீடாக்கும். உங்க கல்யாணம்."

குமாரி சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது.

"போ பிள்ளே. அது பண்டே உள்ளதாக்கும். எனக்கு எங்க அம்மாவன் பிடிச்சாரே, நான் கண்டதாச்சே."

"ஏன் பிடிச்சாருண்ணு தெரியுமா?"

அனகா அன்றைக்கே அவளை ராஜையாவின் வீட்டுக்கு அழைத்துப் போனாள். குமாரியின் கல்யாணத்துக்குப் பந்தல் போட்டவர் அவர். இப்போது மகன்கள் லைட்டும் மைக்கும் வாடகைக்கு விடுகிறார்கள், அவர் தோட்டத்தைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கிறார். குமாரியைக் கண்டதும் எழுந்து நின்றார்.

"அதை மறக்க முடியுமா? இடவப்பாதி மழை கொட்டுது. ஓலைப்பந்தலு நடுவுல ஒழுகிப்போச்சு. பெண்ணு வாற வழியாக்கும். உங்க அம்மாவன் என்னைப் பாத்து, 'எலே ராஜையா, பந்தலா போட்டிருக்கே, மாவு அரிக்கிற அரிப்பையில்லியா கட்டி வச்சிருக்கே'ண்ணு ஏசிட்டு, அவருக்க கறுப்புக்குடைய விரிச்சுப் பிடிச்சாரு. அம்பது பேரு முன்னால எனக்கு மானம் போச்சு. அப்புறம் மூணு மாசம் எனக்கு ஒருத்தரும் பந்தல் வேலை தரல்ல."

 அன்றைக்குக் குமாரி எதைக் கண்டாள்? புதுப்பெண் தலையை நிமிர்த்தக்கூடாது என்று அம்மா சொல்லியிருந்தாள், நிமிர்த்தவில்லை. மேளச்சத்தத்தில் மழைச்சத்தம் காதில் விழவில்லை. பக்கத்தில் நடந்த அம்மாவனின் ஈரமான பாதங்களையும், தரையோடு கூடவே வந்த ஒரு கறுப்பு நிழலையும் மட்டும்தான் கண்டாள். அம்மாவன் அதிகம் பேசுகிறவர் அல்ல, குடை பிடிக்கிறார் என்றால் அது பிடிக்கவேண்டிய முறையாகத்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். தான் ஒருக்கிய முதல் பெண்ணை வெளியே இறக்கும்போது வானம் பளிச்சென்று இருந்தது. இருந்தும் அவள் கேட்டாள், பெண்ணுக்க அம்மாவன் எங்க, குடை எங்க என்று. அந்த வீட்டார் பதறிப்போய்ப் பக்கத்துவீட்டில் குடை வாங்கிவந்தார்கள். தெரியாது என்று சொல்லிக்கொள்ள அவர்களுக்கு வெட்கம்.

ஓட்டைப்பந்தல். வெறும் ஓட்டைப்பந்தல்! இத்தனை வருடமாக, இத்தனை ஊர்களில், இத்தனை மாமன்மார் கைவலிக்கப் பிடித்தது ராஜையாவின் ஓட்டைப்பந்தலுக்காகவா? திரும்பி வரும் வழியில் ஒரு மதிலைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள்.

"நான் மோரு குடுக்கிற சடங்கு ஒண்ணு கொண்டுவந்தேனே மக்கா, ஓர்மை இருக்கா? மாப்பிள்ளைக்குப் பெண்ணு கையால ஒரு கிளாஸ் மோரு. எவ்வளவு ஆசையாச் சொன்னேன். ரெண்டு வீட்டுல செஞ்சாங்க, அதோட நின்னுபோச்சு. நான் வேணும்ணு செஞ்சது செத்துப்போச்சு. தெரியாமச் செஞ்சது இப்படிப் படர்ந்து கெடக்கே. எப்படி?"

"மோருக்கு இங்க இடம் இல்ல மாமி. அம்மாவனுக்கு இருந்தது. பண்டு குடும்பத்துக்கே அவருதான் அதிகாரம். சொத்துமுறை போச்சு, அவருக்கு ஒரு வேலையும் இல்லாமப் போச்சு. அந்தக் காலி இடத்துல உங்க குடை போய் இருந்துகிட்டு. ஆரு பக்கம் ஆளு உண்டுண்ணு மாப்பிள்ளை வீட்டுக்காரங்களுக்கும் ஒரே பார்வையில தெரியும். பின்ன, வீடியோவுல பாக்க நல்லா இருக்கும். இது மூணும் சேந்தா ஒரு வழக்கம் சாகுமா?"

 மறுநாள் காலையில் குமாரிக்கு ஒரு தெம்பு வந்தது. உண்மை கையில் இருக்கிறது, ஓமனாவிடம் போய்ச் சொன்னால் தீர்ந்தது, மகள் பிழைத்தாள் என்று நினைத்தாள். பாவம், உண்மைக்கு அவ்வளவு மதிப்பு உண்டு என்று அவள் நம்பிவிட்டாள்.

ஓமனா எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டாள். பந்தல், மழை, கறுப்புக்குடை, மரம், கிளை எல்லாம் கேட்டாள். கேட்டுவிட்டு அன்பாகவே சிரித்தாள்.

"அண்ணன் வரமாட்டாருண்ணா அதச் சொல்லுங்க. அதுக்காக ஒரு கதை வேணுமா? என் கல்யாணத்துக்கு எங்க அம்மாவன் குடை பிடிச்சதாக்கும். உங்க கல்யாணத்துக்கு அஞ்சு வருசம் முந்தி."

குமாரி கூட வந்திருந்த அனகாவைப் பார்த்தாள். அனகாவின் முகமும் வெளுத்துவிட்டது. ஆல்பம் இருக்கிறதா என்று கேட்டாள். ஓமனா பெருமையாக எடுத்துவந்து தானே புரட்டினாள். முற்றத்தில் நல்ல வெயில். பட்டுச்சேலையில் மெலிந்த ஓமனா நடந்துவருகிறாள். பக்கத்தில் அவளுடைய அம்மாவன், இரண்டு கையையும் வீசிக்கொண்டு வருகிறார். அடுத்த படத்திலும் குடை இல்லை. அதற்கு அடுத்ததிலும் இல்லை. ஓமனா ஒரு நிமிடம் ஆல்பத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அதை மூடினாள்.

"போட்டோ எடுக்கும்போ மடக்கி வச்சிருப்பாரு. எனக்கு நல்ல ஓர்மை உண்டு. நீலக்குடை."

நீலக்குடை!  ஓமனா பொய் சொல்லவில்லை. அவள் கண்ணில் பொய் இல்லை, அதுதான் பயங்கரம். குமாரியிடமிருந்து கிளம்பிய ஒன்று ஊர் ஊராகப் பரவியதோடு நிற்காமல், அது பிறப்பதற்கு முந்தின கல்யாணங்களிலும் புகுந்து உட்கார்ந்துகொண்டது. அம்மா இருந்திருந்தால் அவளும் ஒரு குடையை நினைவு சொல்லியிருப்பாளோ என்னவோ. 

அண்ணன் வரமாட்டான் என்று ஓமனாவிடம் சொல்லக் குமாரிக்கு வாய் வராமலே, சித்திரையில் கல்யாண நாள் வந்துவிட்டது. சுயம்பு வரவில்லை. கடைசி நிமிடம்வரை தங்கை எழுதித்தர ஒப்புக்கொள்வாள் என்று அவன் காத்திருந்தான், அவள் ஒப்புக்கொள்ளவில்லை. வாடகைக் குடை ஆடிட்டோரிய வாசலில் சுவரோரமாகச் சாய்ந்து நின்றது. கார் வந்துவிட்டது. மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் தட்டோடு நின்றார்கள். ஓமனா நடுவில் நின்று, யார் வரப்போகிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தாள். வீடியோக்காரன் காமிராவைத் தூக்கிவிட்டான். காருக்குள் சுமியின் கண் நிறைந்திருந்தது, அவள் பார்வை தாயின் முகத்தை விட்டு நகரவில்லை.

முப்பது வருடப் பழக்கத்தில் வாய் தானாகத் திறந்தது. "பெண்ணுக்க..." என்று தொடங்கிய குமாரி அதற்குமேல் சொல்லவில்லை. நேரே போய்க் குடையை எடுத்தாள், விரித்தாள், மகளின் தலைக்கு மேலே பிடித்தாள். 

"இறங்கு மக்கா."

 குமாரி தலை நிமிர்ந்து நடந்தாள். யாராவது தடுத்தால் அந்த இடத்திலேயே எல்லாவற்றையும் போட்டுடைப்பது என்ற வெறியில் நடந்தாள். ஓமனா வாயைத் திறக்கப் போனாள். அதற்குள் அவளுடைய மூத்த நாத்தனார், தட்டைப் பிடித்துக்கொண்டிருந்த நரைத்தலைக்காரி, எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னாள்.

"அது செரிதான். பண்டு அம்மைதான் பிடிக்கும். பெண்வழியில்லியா? அம்மாவன் பிடிக்கதெல்லாம் பின்ன வந்ததாக்கும்."

"உள்ளதா மைனி?" என்றாள் ஓமனா.

"எனக்குத் தெரியாதா?"

ஓமனாவின் முகம் தெளிந்தது. பெண்கள் நாக்கைச் சுழற்றிக் குரவை போட்டார்கள். குமாரிக்குத்தான் குடை கையிலிருந்து நழுவப் பார்த்தது. உண்மையைச் சொன்னபோது ஒருவரும் நம்பவில்லை. அவள் வாயே திறக்காதபோது யாரோ தங்கள் பாட்டுக்கு எங்கிருந்தோ ஒரு பழங்காலத்தைக் கொண்டுவந்து கையில் தந்துவிட்டார்கள்.  தாலி கட்டும்போது சுமி சிரித்தாள், அது போதும் என்று குமாரி மனத்தைத் தேற்றிக்கொண்டாள்.

அன்றைய வீடியோ போன் போனாக ஓடியது. தாய் குடை பிடித்து மகளைக் கூட்டிவரும் காட்சியைக் கண்டு கண்ணீர் விடாத பெண் அந்த வட்டாரத்தில் இல்லை. அடுத்த மாதம் மூன்று கல்யாணங்களில் அம்மாமார் குடை பிடித்தார்கள். குமாரி சொல்லவே இல்லை, அவர்களாகப் பிடித்தார்கள். அவளுக்கு உள்ளூரப் பெருமையாகக்கூட இருந்தது. நல்லதுதானே, சுயம்பு மாதிரி ஆட்களின் கொட்டம் அடங்கும் என்று நினைத்தாள்.

ஆவணியில் கொல்லயிலில் ஷாலு என்ற பெண்ணை ஒருக்கப் போனாள். நல்ல நீள முடி, பொறுமையான பிள்ளை. பூ வைத்து முடித்தபோது ஷாலுவின் தோள் குலுங்கியது. மை கலையும் என்று அதட்டப்போன குமாரி கண்ணாடியில் அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள்.

"எனக்கு அம்மை இல்லியே மாமி. மூணு வயசுல போயிட்டாங்க. குடை பிடிக்க ஆளில்லாத பெண்ணைக் கொண்டுவந்து எறக்குதாங்கண்ணு மாப்பிள்ளைக்க அக்கா நேத்தே சொல்லியாச்சு. அம்மாவன் பிடிக்கேண்ணு சொன்னாரு. வேண்டாமாம். அம்மைதான் பிடிக்கணுமாம், அதாக்கும் முறையாம்."

குமாரி சீப்பைக் கீழே வைத்தாள். மகளைக் காப்பாற்றத்தான் அந்தக் குடையைத் தூக்கினாள். அதே குடை இத்தனை சீக்கிரத்தில் இன்னொருத்தி மகளின் தலையில் வந்து விழும் என்று அவள் கனவிலும் நினைக்கவில்லை.

விறுவிறுவென்று வெளியே போனாள். மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் வாசலில் கூடி நின்றார்கள். குமாரி நடந்ததை நடந்தபடி சொன்னாள். குடையே கிடையாது, ஒரு பந்தல் ஒழுகியது, அம்மை பிடிப்பது நான் போன சித்திரையில் செய்தது என்றாள். மாப்பிள்ளையின் அக்கா மரியாதையோடு கேட்டுக்கொண்டு தலையாட்டினாள்.

"நீங்க அந்தப் பெண்ணுக்காகச் சொல்லுதிய. உங்க மனசு எனக்குத் தெரியும். ஆனா பண்டே உள்ளத நம்ம மாத்தமுடியுமா?"

குமாரி அவளையே பார்த்தாள். சண்டை போடுவதில் பயனில்லை என்று தெரிந்தது. தொண்டையைச் செருமிக்கொண்டாள். இந்த முறை தெரிந்தே செய்தாள்.

"உங்களுக்கு முழுசும் தெரியாது, அதான். ரொம்பப் பண்டு, அம்மாவனுக்கும் அம்மைக்கும் முந்தி, பெண்ணு அவளுக்க குடைய அவளேதான் பிடிச்சிட்டு வருவா. ஐசுவரியம் அவ கையில இருக்குண்ணு அர்த்தம். அதாக்கும் மூலமுறை."

 யாராவது சிரித்துவிட மாட்டார்களா என்று குமாரி உண்மையாகவே ஆசைப்பட்டாள். யாரும் சிரிக்கவில்லை. மாப்பிள்ளையின் அக்கா பயபக்தியோடு குடையைக் கொண்டுவந்து தந்தாள். ஷாலு கண்ணைத் துடைத்துக்கொண்டு, அதைத் தன் கையால் விரித்துப் பிடித்து, தனியாக மணவறையை நோக்கி நடந்தாள். குரவைச்சத்தம் காதைப் பிளந்தது.

சத்தம் அடங்கும்போது, குமாரியின் முதுகுக்குப் பின்னால் நின்ற ஒரு அம்மாள் பக்கத்தில் நின்றவளிடம் சொன்னாள்.

"எங்க அம்மையும் இப்படித்தான் வந்தாளாக்கும். அவளே பிடிச்சிட்டு."

குமாரி நின்ற இடத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.